தளத்துக்குள் போன கறுப்பு மணல்

என் செல்லக் குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர நான் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குறைகூட இல்லாத சுகத்தோடு இருக்கணும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போனதிலிருந்து வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வரச் சொல்கிறாய். நானும் பாதி மனசாகத்தான் இருந்தேன். ஒழுகுகிற ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டால்தான் வாங்க ஆள் வரும் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன். ஆற்று மணல் குதிரைக்கொம்பாக இருக்கு, கொஞ்சத்துக்குப் பதிலாகப் பவுண்டரியில் இரும்பு வார்க்கிற அச்சுக்குப் போட்டுக் கழித்துக் கொட்டுகிற கறுப்பு மணலைச் சலித்துச் சேர்க்கலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம். அப்பா அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் அவர் சட்டைப் பையில் வந்து இறங்கும், நான் தினமும் பெருக்கித் தள்ளின கர்மம், அதையே என் தலைக்கு மேலே ஏற்றுவதா என்று கத்தினேன். நீயும் லேசுப்பட்டவளா, பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் குவியலில் சறுக்கிவிட்டு, பல் மட்டும் வெள்ளையாக அவர் தோளில் ஏறி வருவாய். இரண்டு பேரையும் வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவேன், ஞாபகம் இருக்கா?

மேஸ்திரி விடவில்லை. அந்தக் கலவையில் நாலைந்து கட்டி வார்த்து, ஊறட்டும், அப்புறம் ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்போம், தேறாவிட்டால் வேண்டாம் என்று என் துணித் தொட்டித் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போனார். நான் துணி துவைக்க வேண்டாமா? எல்லாவற்றையும் தூக்கி வெயிலில் வைத்து, ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். முழங்கால் அப்போது பிடித்ததுதான். அவர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார், ஊறாமல் காய்ந்தால் பலம் பிடிக்காதாம். மறுபடி வார்க்க வேண்டியதாப் போச்சு. அதற்கு மணலை வாசலில் கொட்டி நனைத்தார்கள் பார், அப்பா சட்டை வாசனை அப்படியே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் நான் வாளியில்தான் துவைத்தேன், தொட்டிப் பக்கம் ஒருத்தரையும் விடவில்லை. தேறணுமே தேறணுமே என்று தினமும் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்தேன். நல்லபடியாகத் தேறிவிட்டது. போன வாரம் தளம் போட்டாச்சு.

வீட்டை விற்கவில்லை குட்டி, கோபித்துக்கொள்ளாதே. லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் வாருங்கள். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். இங்கே வந்தால் கூடத்தில் படுத்து மேலே பார், கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரியும், வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எத்தனை வருஷம் பெருக்கிப் பெருக்கி வெளியே தள்ளினேன், இனிமேல் என்னால் தள்ள முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா