மேசைக்கடியில் இருந்த பெட்டி

செப்டம்பர் 30, 2025, செவ்வாய்

ஆபீஸில் ஆயுத பூஜையை ஒரு நாள் முன்பே கும்பிட்டுவிட்டார்கள். மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைக்கிற வேலை, புதிதாகச் சேர்ந்தவள் என்று எனக்கு வந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை, இஷ்டமாகத்தான் செய்தேன். மூலை மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர், திரைகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அணைத்து, ஒட்டடை தட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்தியும் செருகினேன். பிறகு திரும்பப் போட்டுவிட்டேன்.

பொரியில் பாதியை ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தேன். கொடுக்க ஆள் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

புது லேப்டாப் கொடுத்தார்கள். நூற்பாலை எந்திரங்களுக்குக் கட்டளை எழுத எங்கள் கம்பெனிக்கென்று ஒரு சின்ன நிரல்மொழி இருக்கிறது. அதில் எழுதும்போது தப்பு வந்தால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிற எக்ஸ்டென்ஷன் இனி என் பொறுப்பு. அதை எழுதிய ஆன்றோ என்பவர் வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. மாற்றங்களைச் செய்து முடித்தேன். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டுவது பில்ட். அதுதான் ஓடவில்லை. ஏதோ ஒரு நிரல் துண்டு கிடைக்கவில்லை என்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

லூர்துராஜ் அண்ணன்தான் எங்கள் டீமுக்குப் பெரியவர். பொட்டலத்தைப் பதினைந்தாம் தேதி மில்லுக்கு அனுப்ப வேண்டும் என்றார். என் மூன்று மாதச் சோதனைக் காலமும் அன்றைக்குத்தான் முடிகிறது. அதை அவர் சொல்லவில்லை.

அக்டோபர் 7

ஓடவில்லை.

அக்டோபர் 8, புதன்

பக்கத்து சீட் ஜாய்ஸ் மெஷினில் ஓடுகிறது. அவளிடம் கட்டித் தரச் சொல்லலாம். சொன்னால், எனக்குத் தெரியாது என்பது தெரிந்துபோகும். உசிலம்பட்டியிலிருந்து படித்து வந்தது இதற்குத்தானா? மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே யாரும் வருவதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கடைசியில் கேட்டேன். ஜாய்ஸ் மறுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று தன் மெஷினிலிருந்த பழைய துண்டுகளை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். அவளுக்கும் ஓடவில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தானடி ஓடுச்சு? நீ தொட்ட நேரமா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். தெரியும். பாத்ரூமில் போய்த் தண்ணியத் தொறந்து விட்டுட்டு நின்னேன்.

இப்போது ஆபீஸில் யாராலும் அதைக் கட்ட முடியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஊருக்குப் போகவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, எங்கள் ஊர் பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா எங்கே என்றதற்கு, "கரண்டு போயிட்டு இப்பத்தேன் வந்துச்சு. மோட்டாரு தானாவா ஓடும்? பட்டன அமுக்கப் போயிருக்காரு" என்றது. சாப்பிட்டாயா என்று அது மூன்று தடவை கேட்டது.

பூஜையன்று அந்தப் பழைய கம்ப்யூட்டரை நான் அணைத்தேன். திரும்பப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது எது? அதன் பட்டனை யார் அமுக்கியது?

அக்டோபர் 13, திங்கள்

எல்லோருக்கும் முன்னால் போனேன். லேப்டாப் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். அதேதான். பில்ட் தேடுகிற துண்டுகளை அந்தப் பழைய பெட்டியிலிருந்துதான் ஒரு சின்ன புரோகிராம் எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஆன்றோ என்றைக்கோ கையால் ஓட்டிவிட்டுப் போனது. நான் அணைக்கும்வரை பெட்டி அதற்குப் பிறகு அணையவே இல்லை. மற்றவர்கள் மெஷினில் பழைய துண்டுகள் கிடந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தப் புரோகிராமைத் திரும்ப ஓட்ட ஒரே ஒரு வரி அடித்தேன். பில்ட் ஓடியது. ஜாய்ஸ் வந்து, "எனக்கும் ஓடுது! தானா சரியாயிருச்சுப்பா" என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

அக்டோபர் 14

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மறுபடி அணைந்தால், அடுத்து வருகிற பெண் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள்.

பத்து நாள் வேலையைக் கெடுத்தவளை வைத்துக்கொள்வார்களா?

அக்டோபர் 15, புதன்

காலையில் பொட்டலம் மில்லுக்குப் போய்விட்டது. பிறகு லூர்துராஜ் அண்ணன் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"அந்த மூலப் பெட்டிய நாந்தாண்ணே அணைச்சேன். பூசைக்கு. பொட்டு வைக்கணும்னு."

அவர் எழுந்து வந்து மூலை மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். செவ்வந்தி காய்ந்து அங்கேயே இருந்தது.

"ஆன்றோ போன பெறகு இத யாரும் தொட்டதே இல்ல" என்றார். நிமிர்ந்து, "இனி அணைஞ்சா தானா எந்திரிக்குமா?" என்றார்.

எழுந்திருக்கும்படி செய்து வைத்திருக்கிறேன் என்றேன். எல்லோர் முன்னாலும் அதை மறுபடி அணைக்கச் சொன்னார். அணைத்தேன், போட்டேன். ஜாய்ஸ் பில்டை ஓட்டிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினாள்.

வேலையை நிரந்தரம் செய்யவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மதியம் கரண்டு போனது, இன்வெர்ட்டரும் கைவிட்டது. வந்ததும் மூலையில் விளக்கு எரிந்தது. பில்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஜாய்ஸ் என் டப்பாவிலிருந்து மாங்காய் ஊறுகாயைக் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தாள்.