பதில் தெரிந்த ஒருவர்

என் பெருமையை ஊரெல்லாம் சுமந்து திரிந்த அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. திருச்செங்கோட்டில் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. போர்வெல் போடும் நம் ரிக் வண்டியைச் சித்தப்பா ஒடிசாவுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் மூன்று நாளாக வீட்டில்தான் இருக்கிறேன். அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வந்தது ஒரு படிவத்தை நிரப்ப.

உங்களுக்குத் தெரிந்த படிவம்தான். சண்டை நடக்கிற நாட்டுக்குப் போகும் செய்தியாளர் எவரும் கிளம்புமுன் அதை நிரப்பித் தர வேண்டும். ஒரு கேள்வி, அதற்குப் பதில் தெரிந்த வீட்டு ஆள் ஒருவரின் பெயர். பதிலை எங்கேயும் எழுதுவதில்லை. எங்களை யாராவது பிடித்து வைத்தால், சேனல் பிடித்தவர்கள் மூலமாகவே அந்தக் கேள்வியை அனுப்பும். வருகிற பதிலைச் சரியென்று வீட்டு ஆள் சொன்னால், பிடிபட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பதினோரு வருடம், தேர்தல், ராணுவப் புரட்சி, அகதி முகாம் என்று நான் எங்கே போனாலும் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர்தான்.

கேள்வியையும் நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள். காலேஜ் லீவில் வண்டி ஓட்டப் பழக்குகிறேன் என்று மேச்சேரிப் பக்கம் கூட்டிப்போனீர்களே, நான் ஓர் ஆட்டின் மேல் ஏற்றினேனே, ஆட்டுக்காரரைச் சமாதானப்படுத்தி, சந்தையில் வாங்கிய கறி என்று அதை அம்மாவிடம் கொடுத்தீர்களே, அது. நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அடித்துச் சொன்னீர்கள்.

போன வருடம் எல்லைச் சாவடியில் என்னையும் கேமராமேனையும் பிடித்து வைத்தபோது கேள்வி வந்தது. பதில் சொன்னேன். சரிதான் என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கே எங்களை விட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆபீசில் ஒருவர், உள்ளூர் யூடியூப்காரர் ஒருவருக்கு நீங்கள் கொடுத்த பேட்டியைப் பார்த்துவிட்டார். "மேச்சேரியில ஒரு ஆட்ட அடிச்ச புள்ள, இன்னிக்கு பீரங்கி முன்னால நிக்குது" என்று அதில் சிரிக்கிறீர்கள். ஊருக்கே தெரிந்த பதிலை வைத்து நான் உயிரோடு இருப்பதை எப்படி நம்புவார்கள்? ஆபீசில் உங்களிடம் வேறு கேள்வி கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றையும் யாரிடமாவது சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டீர்களாம்.

எங்களை விடுவிக்கும் பேச்சுவார்த்தை இரண்டு நாள் நின்றது. என் குரலைப் போனில் கேட்ட பிறகுதான் ஆபீசில் நம்பினார்கள். அந்த இரண்டு நாளில்தான் பிடித்து வைத்தவர்கள் கேமராமேனின் வலது கையை உடைத்தார்கள். அவர் இனி கேமரா தூக்க முடியாது. தடுக்கி விழுந்துவிட்டார் என்று உங்களிடம் சொன்னேன், நம்பினீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் அப்பா. டீக்கடையிலும் ரிக் ஆபீசிலும் என்னைத் தவிர வேறு பேச்சில்லாத மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடியும் அதே எல்லைக்குப் போகிறேன். போன முறை எங்களுக்கு வண்டி ஓட்டிய டிரைவர் பத்து நாளாகப் போனை எடுப்பதில்லை. நாங்கள் தங்கிய விடுதியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் அங்கே தெரிந்தவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். வேண்டாம் என்றால் ஆபீஸ் என்னை வற்புறுத்தாது. ஆனால் அங்கே நடப்பதைக் காட்ட இன்றைக்கு ஒரு கேமராவும் இல்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் பார்த்துப் போ என்றிருப்பீர்கள். அம்மாவோ, நான் இனிமேல் டெல்லியில் உட்கார்ந்த வேலைதான் பார்க்கப்போகிறேன் என்று நிம்மதியாக இருந்தாள்.

நேற்றுக் காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்தாள். படிவத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். பழைய கேள்வியையும் அது வீணாய்ப் போன கதையையும் சொன்னேன்.

"ஆட்ட அடிச்சது எனக்கு அன்னிக்கே தெரியும் சாமி. கறி பூராம் எலும்பு நொறுங்கிக் கெடந்துச்சு" என்றாள். "உங்கப்பாகிட்ட ஒண்ணும் நிக்காது. எம் பேர எழுது."

பிறகு ஒரு விஷயம் சொன்னாள். முப்பத்தெட்டு வருடம் உங்களோடு வாழ்ந்தும் உங்களிடம் சொல்லாத விஷயம். அதிலிருந்து ஒரு கேள்வியை எழுதினேன். 

அனுப்பப்போகும் நேரத்தில் கேட்டாள்: "பதிலே வரலீன்னா, நான் எத்தன நாளைக்குக் காத்திருக்கோணும்?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை அப்பா.  அவள் அடுப்பைப் பற்றவைத்து இன்னொரு தோசை ஊற்றினாள்.

திரும்பி வருவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. என்னால் கொடுக்க முடிந்த வாக்கு இதுதான்: அந்தக் கேள்வியை எவனாவது என் முகத்துக்கு நேரே கேட்கும்வரை, அம்மா சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்களிடமும்தான்.

உங்கள் புள்ள,
கோமதி