சக்களத்தியின் ஞாபகம்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்துக்கு இன்றும் சக்களத்தியில்தான் போனேன். அவர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் வைத்த பெயர் அது. இரண்டே இருக்கை, ஒரு காய்கறிப் பை வைக்க இடமில்லாத டிக்கி. அதற்கு ஞாயிறு முழுக்கக் குளிப்பாட்டல் வேறு. "எனக்கு ரெண்டு பொண்டாட்டி" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அக்டோபரில் மாரடைப்பு வந்து போய்விட்டார். பொண்டாட்டிகள் இரண்டு பேரும் மிச்சம்.

இரண்டாவது கியரை விடவே மாட்டேன் என்கிறாள். இழுத்து, உறுமி, அப்புறம்தான் மூன்றுக்குப் போகிறாள். நானோ ஆக்சிலரேட்டரில் காலை மெதுவாகத்தான் வைக்கிறேன். இருந்தும் அவர் ஓட்டுவது போலவே இருக்கிறது. அழுகை வருகிறது, ஆனாலும் பிடித்திருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தனார் வந்தார். உட்காருவதற்கு முன்பே எஞ்சின் ட்யூனிங் பேச்சு. கம்பெனிக்காரன் எஞ்சினை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறானாம். புது மென்பொருள் ஏற்றினால் இன்னும் அறுபது குதிரைத்திறன் வருமாம்.

"இதுவே பறக்குது தம்பி. ரெண்டு சிக்னலுக்கு நடுவுல இன்னும் எங்க பறக்கறது?"

"அண்ணனோட ஆசை அண்ணி."

ஆசைதான். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அவருக்குன்னு செய்ய எனக்கு வேற என்ன இருக்கு?" என்றபோது கொழுந்தனாருக்குக் குரல் உடைந்துவிட்டது. சரி என்றேன்.

மார்ச் 13, வியாழன்

இணையத்தில் படித்தேன். சூடு கூடும், கியர்பெட்டி சீக்கிரம் தேயும், உத்தரவாதம் போய்விடும். ஆனால் ஓட்டினால் சொர்க்கமாம். சொர்க்கத்துக்கு அவர் ஏற்கெனவே போயாகிவிட்டது.

மார்ச் 15, சனி

ட்யூனிங் கடை. மெக்கானிக்கைக் கடையில் எல்லாரும் சைலன்சர் என்கிறார்கள். ஊர்க் கார்களுக்கெல்லாம் சத்தம் கூட்டுகிறவர், தன் வாயை மட்டும் திறப்பதில்லை. மடிக்கணினியை மாட்டும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இத நீங்களாம்மா ஓட்டறீங்க?"

"இப்ப நான். முன்னாடி அவர்."

"அதான். இந்த ஆட்டோமேட்டிக் கியர், ஓட்டறவங்க கால பழகிக்கும். இது இன்னும் அவர் கால்லதான் போகுது. உங்களோடது இப்பதான் கொஞ்சம் கலக்குது."

ட்யூன் செய்தால்? பழகியதை அழித்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்குவாராம்.

"வேணாம். ஒண்ணையும் தொடாதீங்க." கொழுந்தனார் பேயறைந்தவர் போல நின்றார். கடையில் இத்தனை பேர் பார்க்க அழுதேன். இத்தனை மாதமும் அவர் கால் அதற்குள் இருந்திருக்கிறது. தெரியாமல் நானே தினமும் அதன்மேல் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

உறை போட்டு மூடிவிட்டேன். இனி பேருந்து.

மார்ச் 30, ஞாயிறு

உறையை விலக்கி உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓட்டினால் அழிந்துபோவார். ஓட்டாவிட்டால் இருப்பதே தெரியாது. ஏங்க, இப்படியா என்னை மாட்டிவிட்டுட்டுப் போவீங்க?

ஏப்ரல் 12, சனி

பேட்டரி இறங்கிவிட்டது. சைலன்சர் வந்து உயிர் கொடுத்தார். "ஓட்டாம வெச்சா வண்டி செத்துடும்மா. ஓட்டுனா உங்க வண்டி ஆயிடும். அவ்வளவுதான்." அவர் ஒரு மாதத்துக்குப் பேசுவது அவ்வளவாகத்தான் இருக்கும்.

பேட்டரி இறங்கியதில் பழகியது போயிருக்குமோ என்று சைலன்சரிடம் கேட்கப் பயம். தெருமுனைவரை ஓட்டினேன். இரண்டில் இழுத்தாள், உறுமினாள். இருக்கிறார்.

திங்கள்கிழமை அலுவலகத்துக்கு எடுத்துப் போகவேண்டும். மனசு கேட்கவில்லை. ஆனாலும் எடுத்துப் போவேன்.

ஜூன் 20, வெள்ளி

நல்ல மழை. கொழுந்தனாரை ரயில் நிலையத்திலிருந்து கூட்டி வந்தேன். ட்யூனிங் பேச்சை அவர் விட்டு நாளாகிறது. பாலத்து ஏற்றம் வந்தது. அவர் அண்ணன் உறுமவிடும் இடம் அது. காத்திருந்தேன். சத்தமே இல்லாமல் மூன்றுக்குப் போய்விட்டாள்.

கொழுந்தனார் திரும்பிப் பார்த்தார். "உங்கள மாதிரியே போகுது அண்ணி."

"ம்."

பாலம் இறங்கியதும் ஓரங்கட்டினேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வீட்டுக்கு ஓட்டி வந்தேன், துடைத்தேன், உறை போட்டேன்.

சக்களத்தி என்று கூப்பிட, இனி எனக்கும் அவளுக்கும் நடுவில் யாருமில்லை.