வாயோரத்துச் சேமியா

அன்புள்ள வினிதாவுக்கு,

லோகு எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மஸ்கட்டில் வெயில்தான் ஜாஸ்தி. உன் இடுப்புவலி குறைந்ததா?

பாப்பா வாசற்படி தாண்டுகிற வீடியோவை ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். பதினோரு மாதத்திலேயே தாண்டிவிட்டாள் என்று பெருமையடித்தேன். படி தாண்டினால் பாயசம் வைக்க வேண்டுமே, நானே சேமியா வாங்கி வைத்து எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

குடித்துக்கொண்டே திருப்போரூர் நீலமேகம் அண்ணன் கேட்டார்: "இன்னா லோகு, மொத வாட்டி தாண்டுற மாரியா கீது? டெய்லி போய் வந்துகினு கீற மாரி இல்ல தாண்டுது!"

"எம்பொண்ணு ஃபாஸ்ட்டுண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாப்பாவின் வாயோரத்தில் சேமியா ஒட்டியிருந்தது. தாண்டிய பிறகுதானே பாயசம்? நான் பார்க்க வேண்டும் என்று மறுபடி தாண்ட வைத்திருக்கிறாய். கோபமில்லை. முதல் தடவை உன் கையில் போன் இருந்திருக்காது. போனில் கேட்டால் சமாளிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

லீவில் வரும் நீலமேகம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது மோர்மிளகாய் கொடு. கருவாடு வேண்டாம், ரூமில் நாறுகிறது என்கிறார்கள்.

பாப்பாவுக்குச் செருப்பு வாங்க அளவு வேண்டும். அவளைத் தாளில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடு.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். பாப்பா காலை நகர்த்துவாள், கோடு கோணலாகத்தான் வரும். மறுபடி வரையாதே. முதலில் வரைந்ததையே அனுப்பு.

லோகு