கோடையில் பிடித்த கயிறு

அன்பு மகனுக்கு,

புது ஆலயத்தின் சுவர்கள் இடுப்பளவு எழுந்துவிட்டன. இருபது வருடமாக நம் வீட்டுக் கூடத்தில் நின்றே பூசை கண்ட பக்கத்து வீட்டுத் தெமியானா, "மாமா, பலிபீடத்துக்கு நேரா ஒரு இடம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்" என்கிறாள்.

பலிபீடம் நேர்கிழக்கில் அமைய, கோடையில் சூரியன் எழுந்த இடத்துக்கு நான்தான் அஸ்திவாரக் கயிறு பிடித்தேன். "கோடையில சூரியன் வடக்கே தள்ளுதுப்பா. செப்டம்பர்ல சிலுவைத் திருநாள் வரைக்கும் பொறுங்க, பகலும் ராத்திரியும் சமமாகிற அப்பதான் நேர்கிழக்குல உதிக்கும்" என்றாய். "கெய்ரோவுல நாலு எழுத்து படிச்சுட்டு எனக்கே திசை காட்டுறியா? போடா" என்று சபைமுன் விரட்டினேன்.

நேற்று சிலுவைத் திருநாள். சூரியன் பலிபீடத்துக்கு நேரே எழாமல் தெற்குச் சுவரோரம் எழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பூசைக்கு வா. சுவரை இடிக்க வேண்டுமென்று நானே சொல்கிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

திட்டுவதானால் பிறகு வீட்டில் திட்டு.

உன் அப்பா