பிள்ளையின் கண்ணில் நான் பூசிய மை

இஞ்சாருங்கோ,

பிள்ளையைத் திரும்பவும் கண் டொக்டரிட்டைக் கொண்டு போறன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மேசையிலை மூடியிருக்கு. நாலு மணிக்கு உங்கடை அக்கா கொடிகாமத்திலையிருந்து வருவா. தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ.

நேற்று டொக்டர் என்ன சொன்னவர் எண்டு நீங்கள் கேக்க, தூசி எண்டு சொன்னனான். அது பொய். பயப்பிட ஒண்டுமில்லை, மருந்து விட மாறீடும். ஆனால் அவர் பிள்ளையின்ரை இமையைப் பஞ்சாலை துடைச்சு, கறுப்பாய் வந்ததை எனக்குக் காட்டினவர். "உந்த மையாலைதான் கண் சிவந்தது, இனிப் பூசாதேங்கோ" எண்டார்.

அக்கா "என்ன வடிவான கண்" எண்டு சொன்ன அடுத்த நாள்தானே கண் சிவந்தது. அவவின்ரை நாவூறு எண்டு நான் உங்களோடை சண்டை பிடிச்சன். அடுத்த முறை அவ வந்து இருக்கேக்கையே செத்தல் மிளகாயும் உப்பும் பிள்ளைக்குச் சுத்தி அடுப்பிலை போட்டன். நீங்கள் மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. நான் இன்னும் தடிப்பாய் மை பூசினன்.

அண்டையிலையிருந்து அவ பிள்ளையை நிமிந்து பாக்கிறதில்லை. கொண்டு வந்த பலாப்பழத்தை வைச்சிட்டு, நிலத்தைப் பாத்துக்கொண்டு கதைக்கிறா.

டொக்டர் காலமை வரச் சொன்னவர். அக்காவின்ரை முகத்திலை முழிக்க வெக்கப்பட்டு நான்தான் பின்னேரத்துக்கு நம்பர் எடுத்தனான்.

கஜானி

மைச் சிமிழைக் குப்பையிலை போட்டிட்டன்.

அக்காவைப் போக விடாதேங்கோ. ஆறு மணிக்குள்ளை வந்திடுவன். பிள்ளையை அவவின்ரை மடியிலை இருத்தி, கண்ணைப் பாருங்கோ மச்சாள் எண்டு நானே கேக்கவேணும்.