சேறு காய்ந்த பின் எந்த விதை

பாபடோயிட்டோய்,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் பிரணவிக்கு,

அப்பாவும் நானும் தம்பி பிருந்தனும் இங்கே சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்லுவாய், அதை எவ்வளவு நம்புவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. போனில் கதைத்தால் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், தம்பி இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான்.

அப்பா பக்கத்து ஊர் விரியில் வேலைக்குக் கிளம்பும் முன் இங்கே மழையா என்று பார்ப்பதில்லை, நீ இருக்கும் கிசுமுவில் மழையா என்றுதான் போனில் பார்க்கிறார். முதல் தூறல் விழுந்ததும் விதைக்கச் சொல்லி, நீ வேலை செய்யும் விவசாய அலுவலகம் அறிவித்ததையும், பிறகு வெயில் வந்து முளையெல்லாம் கருகியதையும், சனங்கள் வைத்திருந்த மிச்ச விதையை மறுபடி போட்டதும் விடாமல் மழை பெய்து ஆறு உடைத்ததையும் ஒருநாள் மட்டும் நீ அழுதுகொண்டு சொன்னாய். ஊரில் சிலர் உன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே வெள்ளம் வந்தபோது எங்களுக்குக் கார்பெட் போனது, இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்தார், புதிதாகப் போட்டாயிற்று. அந்தச் சனங்களுக்குப் போனது ஒரு வருடச் சாப்பாடு, அவர்களுக்கு யார் வந்து பார்ப்பார்கள்.

போன கிழமை நான் கடையில் முருங்கையிலை பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது உன் நம்பரில் இருந்து போன் வந்தது. எடுத்தால் வேறு ஒரு பெண்ணின் குரல், மாமா பிரணவி, மாமா பிரணவி என்கிறது. யாரோ மாமாவைத் தேடுகிறார்கள் என்று நினைத்தேன், பிறகுதான் அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. பேசியது நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி அகின்யி. ஆங்கிலத்தில் ஆறுதலாகச் சொன்னாள், உங்கள் பிள்ளைக்கு மலேரியா, ஊசி போட்டாச்சு, இப்ப நித்திரை, நான் பக்கத்திலதான் இருக்கிறன், கஞ்சி காய்ச்சி வைச்சிருக்கிறன் என்று. நான், உங்கட தோட்டம் எப்பிடி என்று கேட்டேன். தண்ணி போயிட்டுது, சேறுதான் கிடக்குது, பிரணவி எழும்பினதும் இனி எந்த விதை என்று அவளைத்தான் கேக்கவேணும் என்றாள். தன் சோளம் முழுவதும் போன பெண் என் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுகிறாளே என்று நான் அந்தக் கடையில் நின்றே அழுதேன், கூட வந்திருந்த அபிதா அன்ரிதான் வீட்டுக்குக் கூட்டி வந்தா.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. அபிதா அன்ரி இங்கே மனுகாவில் தன் அலுவலகத்தில் உனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தா. அப்பா, அவள் சின்னப் பிள்ளையோ, விடும் என்றார், நான் கேட்கவில்லை, உன்னை எப்படியும் கூப்பிட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். அந்தப் போனுக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை மகள். அவ்வளவு பேரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், மழை எப்போது வரும் என்று உனக்குத்தான் எப்படித் தெரியும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு, அது வெட்கமில்லை. இருக்கிற விதை முழுவதையும் ஒரே தரத்தில் போடவேண்டாம் என்றாவது சொல்லு.

மாத்திரையை இடையில் நிறுத்தாதே, நுளம்பு வலையைக் கட்டிக்கொண்டு படு, ஆறு ஏறினால் அகின்யியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போ, சாமான்களைப் பார்க்காதே. உன்னையும் அந்த வீட்டையும் கடவுள் காப்பாற்ற வேண்டும். அவளுக்கு இந்த அம்மா நன்றி சொன்னதாக, அவளுடைய பாஷையிலேயே சொல்லிவிடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
புஷ்பவதி நவரத்தினம்